அச்சடித்த மடிப்போடு வந்த 1968 போஸ்டர்

பழைய சினிமா போஸ்டர் சேகரிப்பவர்கள் கவனத்துக்கு: 'தி பிரதர்ஹுட்' படத்தின் 'அசல் அமெரிக்க போஸ்டர், ஒரே பிரதி' என்று இணையத்தில் ஒருவர் விற்றுக்கொண்டிருக்கிறார். பணம் கட்டிவிடாதீர்கள். எனக்கு வந்து சேர்ந்தது மை வாசனைகூடப் போகாத நகல்.

படத்தைப் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். 1968இல் மார்ட்டின் ரிட் இயக்கியது. பழைய சிசிலிய முறைகளை விடாத மாஃபியா அண்ணனாக கிர்க் டக்ளஸ். புது வியாபாரத்துக்கு ஆசைப்படும் தம்பியாக அலெக்ஸ் கார்ட். கடைசியில் அண்ணனைக் கொல்லத் தம்பியையே சிசிலிக்கு அனுப்புகிறார்கள். வசூலில் தோற்ற படம். அந்த அடியில் மாஃபியா கதை என்றாலே, படத்தை வெளியிட்ட பாரமவுண்ட் நிறுவனம் தயங்கியது. அதே நிறுவனம் 1972இல் 'தி காட்ஃபாதர்' எடுத்து வென்றதும், இது அடியோடு நிழலில் போய்விட்டது. எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் ஈர்ப்பே. சம்பளக்காரன் கைக்கும் எட்டுகிற விலை. இப்படி ஒரு படத்துக்கு யார் போலி அடிக்கப் போகிறார்கள் என்று நினைப்போம் அல்லவா? விற்பவரின் மூலதனமே அந்த நினைப்புதான்.

குழாயில் சுருட்டி வந்தபோதே உறுத்தியது. அந்தக் காலத்து அமெரிக்க போஸ்டர்களைப் பெரும்பாலும் எட்டாக மடித்துத்தான் திரையரங்குகளுக்கு அனுப்பினார்கள். இதிலும் மடிப்பு இருந்தது, அச்சில்! கோட்டின் மேல் விரலை ஓட்டினால் வழவழவென்று போகிறது. அளவு 24க்கு 36 அங்குலம். அசல் 27க்கு 41. அடியோரத்தில் இருக்கும் போஸ்டர்களைத் திரையரங்குகளுக்கு விநியோகித்த நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் நிறுவனத்தின் பொடி எழுத்து வரியை உருப்பெருக்கியில் பார்த்தேன். மையில் விழுந்த எறும்பு நடந்து போனது போல இருந்தது.

விற்றவருக்கு எழுதினேன். "மடிப்பு தெரிகிறதே, பழையதுதான்" என்று பதில். விற்பனைத் தளமோ, திருப்பி அனுப்பும் செலவு என்னுடையது என்கிறது. வெளிநாட்டுத் தபால் கட்டணம் போஸ்டர் விலையைத் தாண்டும். அவரும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் விலை வைத்திருக்கிறார்.

யாரிடம் வாங்கினாலும் போஸ்டரின் பின்பக்கம், ஓரத்தில் அளவுநாடா வைத்தது, மடிப்பின் மேல் பக்கவாட்டு வெளிச்சம் விழுந்தது என்று மூன்று புகைப்படங்கள் கேளுங்கள். ஒரு நண்பரை விட்டு இதே ஆளிடம் கேட்கச் சொன்னேன். "சட்டம் போட்டு வைத்துவிட்டேன், கழற்ற முடியாது" என்றாராம். என்னிடம் விற்ற பிறகும் 'ஒரே பிரதி' என்ற வரியை அவர் எடுக்கவில்லை.