டாடா 697 இன்ஜினுக்கு வெளி கம்பெனி டேப்பட் கவரும் ஆயில் சம்பும், மாட்டிப் பாத்ததுல தெரிஞ்சது

இன்ஜின் மேல வால்வு பக்கத்தை மூடுற டேப்பட் கவரை டாடா ஒரிஜினல் இல்லாம வெளி கம்பெனிதா தாராளமா வாங்கலாம், அடியில ஆயில் நிக்கிற தொட்டியான சம்பை மட்டும் கடையிலயே வச்சு நல்லா பாத்துட்டு வாங்குங்க. பழைய டாடா 1210 லாரி வச்சிருக்கிறவங்களுக்கு நான் சொல்ல வர்றது இதான்.

நம்ம வண்டி 697 இன்ஜின், ஆறு சிலிண்டர், 97 எம்எம் போர் (சிலிண்டர் ஓட்டை அகலம்), 128 எம்எம் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்), 5675 சிசி, பென்ஸ் ஓஎம் 352 இன்ஜினுக்கும் இதே அளவுதான். பாலக்கோட்டுல தக்காளி ஏத்திட்டு சேலம் போற வண்டி. முன்னாடி யாரோ மாட்டி விட்ட தகரக் கவர், டைட் வச்சு டைட் வச்சு ஓரமெல்லாம் நெளிஞ்சு போய் ஆயில் கசிஞ்சு, புகை வெளிய போற சூடான மேனிஃபோல்டு குழாய் மேல விழுந்து கேபினுக்குள்ள ஒரே புகை வாடை. சம்பும் அடிவாங்கி துரு ஏறிடுச்சு. கிருஷ்ணகிரி பெங்களூர் ரோட்டுல ஒரு ஸ்பேர்ஸ் கடையில ரெண்டும் சேத்து 7,000 ரூபாய்க்கு உள்ளதான் ஆச்சு.

போறப்போ பழைய சாமான கையோட எடுத்துட்டு போயிடுங்க, வாயில சொன்னா 692க்கு உள்ளத எடுத்து குடுத்துடறாங்க, அது 92 எம்எம் போர், வேற இன்ஜின்.

கவர் அலுமினியம் காஸ்டிங், நல்ல கனம், பேக்கிங் (கசியாம இருக்க நடுவுல வைக்கிறது) உக்கார்ற முகம் மிஷின்ல ஓட்டி சுத்தமா இருந்துச்சு. இன்ஜின் உள்ள இருக்குற காத்து வெளிய போற ப்ரீதர் ஓட்டைக்கு உள்பக்கம் தடுப்புத் தகடு இருக்கான்னு மறக்காம பாருங்க, அது இல்லன்னா வால்வை அமுக்குற ராக்கர்ல தெறிக்கிற ஆயில் பூராம் ப்ரீதர் வழியா வெளிய வந்துடும், இதுல இருந்துச்சு. மூலை மூலையா காஸ்டிங் மணல் ஒட்டிக்கிட்டு இருந்தத கம்பி பிரஷ் போட்டு மண்ணெண்ணெய்ல அலசி எடுத்தோம். அந்த மணல் ஒரு சிட்டிகை ஆயில்ல கலந்தா பேரிங் காலி, அதனால புதுசுதானேன்னு அப்படியே மாட்டிடாதீங்க. கூட வந்த ஆயில் மூடி லொடலொடன்னு ஆடுச்சு, பழைய மூடியையே போட்டாச்சு.

மாட்டறதுக்கு முன்னாடி மேஸ்திரி ஒரு வேலை பண்ணாரு, எனக்கு ரொம்ப பிடிச்சிருந்துச்சு. ராக்கர் ஸ்க்ரூ தலையில எல்லாம் லேசா கிரீஸ் தடவி, பேக்கிங் இல்லாம கவரை வச்சு, இன்ஜினை கையால ரெண்டு சுத்து சுத்திட்டு கவரை திருப்பிப் பாத்தாரு, உள்ள எங்கயும் கிரீஸ் ஒட்டல. "இடிக்கலங்கண்ணா, தைரியமா மாட்டலாம்"னாரு. ரப்பர் பேக்கிங் போட்டு நடுவுல இருந்து ஓரத்துக்கு மாத்தி மாத்தி டைட் வச்சோம், இப்ப ஒரு சொட்டு கசிவு இல்ல, பழைய தகரக் கவர் போட்ட சத்தமும் போயிடுச்சு.

சம்புதான் தலைவலி. கடையில கண்ணாடி கவுண்டர் மேல கவுத்து வச்சு பாத்தேன், பின் மூலையில நகம் உள்ள போற அளவுக்கு தூக்கிட்டு இருந்துச்சு. "டைட் வச்சா உக்காந்துடும்ணா"ன்னாங்க, உக்காராது, கார்க் பேக்கிங்தான் பிஞ்சு போகும், அதனால வேற பீஸ் எடுக்க சொல்லி நேரா இருந்தத வாங்கிட்டு வந்தேன். வந்து ராத்திரி பூரா மண்ணெண்ணெய் ஊத்தி வச்சதுல டிரைன் நட் வெல்டிங்கை சுத்தி ஈரம் தெரிஞ்சுது. லேத் பட்டறையில பிராசிங் (பித்தளைய உருக்கி ஒட்டுறது) வச்சு சரி பண்ணியாச்சு, ஆனா புது சாமானுக்கு இந்த செலவு எதுக்குங்க? வெல்டிங் உருண்டைங்க வேற உள்ள ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, உளி வச்சு தட்டி எடுத்தோம்.

சம்புக்குள்ள இருக்குற தடுப்புத் தகடை கண்டிப்பா கவனிங்க. தொப்பூர் கணவாய்ல சேலம் பக்கம் இறங்குறப்ப வண்டி மூக்கு கீழ, பிரேக் வேற, ஆயில் பூராம் முன்னாடி ஓடும், தகடு இல்லன்னா ஆயில் பம்புக்கு ஆயில் இழுக்கிற ஸ்ட்ரெய்னர் வடிகட்டி காத்தை இழுத்துடும், ஆயில் பிரஷர் இறங்கும். விலை கம்மியா இருக்குற சம்புல அந்த தகடையே விட்டுடறாங்க, வெளிய பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும், கைய விட்டு ஆட்டிப் பாருங்க. நம்மளுதுல தகடு இருந்துச்சு, ஆனா ஸ்பாட் வெல்டிங் மட்டும்தான், பிராசிங் வைக்கறப்பவே அதையும் நாலு இடத்துல பிடிக்க சொல்லிட்டேன். இப்ப இறக்கத்துல பிரஷர் முள்ளு ஆடறதில்ல.

கசிவு அடைக்க பேக்கிங்ல பூசுற அனபாண்ட் பசையை மெல்லிசா ஒரு கோடு போட்டா போதும், அள்ளி அப்புனா உள்பக்கம் பிதுங்கினது பிஞ்சு விழுந்து ஸ்ட்ரெய்னரை அடைக்கும். ரெண்டு மூணு லோடு ஓடி இன்ஜின் சூடு பாத்ததும் சம்ப் போல்ட்டு எல்லாத்தையும் திரும்ப ஒரு தடவை டைட் பாத்துக்கோங்க, கார்க் கொஞ்சம் அமுங்கி இருக்கும். இன்னொரு 1210க்கும் அதே கவரை சொல்லி வச்சிருக்கேன், சம்புக்கு மட்டும் நல்ல பழசு ஏதாச்சும் வந்தா சொல்ல சொல்லி கண்டம் பண்ணின, இனி ஓடாத வண்டிய பிரிக்கிற ஆளுங்ககிட்ட சொல்லியிருக்கேன்.