பவர் டூல் பிராண்டுகள்: கிரில் பட்டறையில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

"எந்த பிராண்ட் நல்லதுண்ணே?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதுக்குக் கார்பன் உங்க ஊர்ல கிடைக்குமா?

இரும்பு தேய்க்க, அறுக்க நாள் முழுக்க ஓடும் நாலு இஞ்ச் கிரைண்டரில் கார்பன், அதாவது மோட்டாரின் சுற்றும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் சின்னத் துண்டு, தேயத்தான் செய்யும், எந்தக் கம்பெனியாக இருந்தாலும். தேய்ந்து கட்டையான கார்பனோடு ஓட்டினால் பொறி பறந்து, கார்பன் உரசும் செம்புப் பகுதியான கம்யூட்டேட்டர் அரிக்கும், பிறகு சுற்றும் பாகமான ஆர்மேச்சரே போகும். சில்லறைக் காசுப் பொருள் கிடைக்காததால் மெஷினையே தூக்கிப் போட்டவர்கள் உண்டு. எங்கள் பட்டறையிலும் பெயர் சொல்ல விரும்பாத ஒரு மலிவு கிரைண்டர் அப்படித்தான் முடிந்தது. மோட்டார் நன்றாகவே இருந்தது. கியர் பல் போனது, மாற்று கியர் எங்கேயும் கிடைக்கவில்லை.

இன்றைக்கும் உழைத்துக்கொண்டிருப்பவை பாஷ் ஜிடபிள்யூஎஸ் 600, மகிட்டா 9553 இரண்டும். இரண்டிலும் 100 மில்லிமீட்டர் டிஸ்க்தான். மகிட்டா 710 வாட். கைக்கு அடக்கம், அதிர்வு குறைவு, அதனால் வெல்டிங் தேய்க்க அதைத்தான் எடுப்பேன். பாஷின் பலம் ஸ்பேர். சின்ன ஊர் ஹார்டுவேர் கடையில்கூடக் கார்பன் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். அந்தப் பேராலேயே டூப்ளிகேட்டும் அதிகம். டூப்ளிகேட் கார்பன் போட்டு ஆர்மேச்சர் கெட்டால் திட்டு வாங்குவது என்னவோ ஒரிஜினல் கம்பெனிதான்.

பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் இன்னொரு சிக்கல். பாஷிலேயே நீலம் தொழிலுக்கு, பச்சை வீட்டு வேலைக்கு. மகிட்டாவின் எம்டி வரிசை, முன்பு மேக்டெக் என்ற பெயரில் வந்தது, விலை குறைந்த வரிசை. பட்டறைக்கு வீட்டு ரக மெஷினை வாங்கிப் போட்டுவிட்டு "பாஷ் முன்ன மாதிரி இல்ல" என்பவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

முதலாளிகளும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். மேஸ்திரிகள் இன்னும் ஹிட்டாச்சி என்றே கேட்கும் மெஷின் 2018 முதல் ஹைகோகி என்ற பெயரில் வருகிறது. டிவால்ட்டை பிளாக் அண்ட் டெக்கர் வாங்கியது 1960-ல். அந்தக் கம்பெனி 2010-ல் ஸ்டான்லியோடு சேர்ந்தது. ஆக மஞ்சள் டிவால்ட்டும் ஸ்டான்லி ட்ரில்லும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அதற்காக இரண்டும் ஒரே தரமில்லை. மில்வாக்கி, ரியோபி பவர் டூல்கள்கூட டிடிஐ என்ற ஒரே ஹாங்காங் நிறுவனத்திலிருந்து வருபவைதான். ஒன்று தொழில்காரருக்கு, மற்றது வீட்டுக்காரருக்கு.

இணையக் கடை நட்சத்திரங்களை நான் நம்புவதில்லை. பெட்டி பிரித்த அன்றே "டெலிவரி சூப்பர்" என்று ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பார்கள். அதைவிட கருகிய மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்காரர் பேச்சு மேல். காயில் செம்பா அலுமினியமா, வார்னிஷ் ஒழுங்காக இறங்கியிருக்கிறதா என்று கழற்றிப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் அவர் சொல்வதையும் கொஞ்சம் சலித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதிகம் விற்கும் பிராண்டுதான் அவர் மேசைக்கு அதிகம் வரும். "இதுதான் நிறைய ரிப்பேருக்கு வருது" என்று அவர் சொன்னால், ஊரில் அது எத்தனை ஓடுகிறது என்பதையும் யோசிக்க வேண்டும்.

பல மெஷின்கள் சாவது பிராண்டால் அல்ல. டிஸ்க்கை மூடியிருக்கும் பாதுகாப்புத் தகட்டை (கார்டு) கழற்றிவிட்டு நாலு இஞ்ச் கிரைண்டரில் அஞ்சு இஞ்ச் டிஸ்க் மாட்டுவார்கள். கைக்கும் ஆபத்து, மோட்டாருக்கும் பாரம். சைட்டில் மெல்லிய ஒயரை நீளத்துக்கு இழுத்து ஓட்டுவார்கள். வோல்டேஜ் இறங்கி வேகம் குறைந்தால் உள்ளே விசிறிக் காற்றும் குறையும், காயில் சூடாகிக் கருகும். பெட்டியில் போட்டிருக்கும் வாட் கணக்கை வைத்தும் ஏமாறுவார்கள். அது மெஷின் இழுக்கும் மின்சாரம், டிஸ்க்குக்குப் போய்ச் சேரும் பலம் இல்லை. ஒரே அளவு மெஷினில் ஒருவன் மட்டும் அநியாயத்துக்கு அதிக வாட் போட்டிருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

பேட்டரி டூலில் கடைக்காரர் "இது 20 வோல்ட், அது 18தான்" என்பார். இரண்டிலும் இருப்பது வரிசையாக ஐந்து லித்தியம் செல். முழு சார்ஜில் செல்லுக்கு 4 வோல்ட் என்று கணக்குப் போட்டால் 20, வழக்கமான 3.6 என்று போட்டால் 18. இங்கே பார்க்க வேண்டியது பேட்டரி விலை. பொதுவாக ஒரு கம்பெனி பேட்டரி இன்னொன்றில் ஏறாது. முதல் ட்ரில்லை எந்த நிறத்தில் வாங்குகிறீர்களோ, பிறகு வாங்கும் இம்பேக்ட் ரெஞ்ச், புளோயர் எல்லாம் அதே நிறம்தான்.

வீட்டில் படம் மாட்ட, ஸ்கிரீன் கம்பி போட, வருஷத்துக்கு நாலைந்து ஓட்டை என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டாம். பிட் மாட்டும் சக் 13 மில்லிமீட்டர் உள்ள சாதாரண இம்பேக்ட் ட்ரில், பில்லோடும் வாரண்டியோடும் வாங்கினால் போதும். கான்கிரீட் பீமில் நிறைய ஓட்டை போடணும் என்றால் மட்டும் பலமாக அடித்துத் துளைக்கும் எஸ்டிஎஸ் ரோட்டரி ஹேமர் பக்கம் போங்கள். பாஷ் ஜிபிஎச் 2-26, மகிட்டா எச்ஆர்2470 இரண்டில் எது வாங்கினாலும் சரி. பக்கத்தில் எதற்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறதோ அதை எடுங்கள்.