எஃப்டிபியைப் பிரவுசர்கள் கைவிட்ட பிறகு: எஃப்டிபிஎஸ்ஸா, எஸ்எஃப்டிபியா?

எஃப்டிபி என்பது கணினிகளுக்கிடையே கோப்புகளை அனுப்பவும் வாங்கவும் இருக்கும் பழைய நெறிமுறை. பிரவுசரின் முகவரிப் பட்டையில் எஃப்டிபி முகவரியை அடித்தால் ஃபோல்டர்கள் வரிசையாக விரியும், வேண்டியதைக் கிளிக் செய்து இறக்கிக்கொள்ளலாம். இந்த வசதி 2021-இல் முடிவுக்கு வந்தது. குரோம் ஜனவரியில் வெளிவந்த 88-ஆம் பதிப்பில் எஃப்டிபியை எல்லோருக்கும் நிறுத்தியது. அக்டோபரில் வந்த 95-இல் அதற்கான நிரலையே எடுத்துவிட்டது. ஃபயர்பாக்ஸ் ஏப்ரலில் 88-ஆம் பதிப்பில் நிறுத்தி, ஜூலையில் 90-இல் முழுதாக நீக்கியது. இப்போது அப்படி ஒரு இணைப்பைக் கிளிக் செய்தால், கணினியில் எஃப்டிபி மென்பொருள் ஏதாவது இருந்தால் அதனிடம் தள்ளிவிடும், அவ்வளவுதான்.

சின்னதாக ஒரு கோப்பு சர்வரைப் பராமரிப்பவன் என்ற முறையில் நானும் மாற்று தேட வேண்டியிருந்தது. கடைசியில் எஸ்எஃப்டிபி என்ற வேறொரு நெறிமுறைக்கு மாறினேன். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிரவுசர்கள் செய்தது சரிதானா என்று கேட்டால், சரிதான். எஃப்டிபியின் முதல் வரையறை 1971-இல் அபய் பூஷண் எழுதிய ஆர்எஃப்சி 114 (இணைய நெறிமுறைகளை விவரிக்கும் எண்ணிட்ட ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி என்று பெயர்). இன்றும் அடிப்படையாக இருக்கும் ஆர்எஃப்சி 959 வந்தது 1985-இல். ஒட்டுக்கேட்பவர்களைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படாத காலத்து ஏற்பாடு அது. பயனர் பெயர், பாஸ்வேர்டு இரண்டுமே வெறும் எழுத்தாக வலையில் போகும். நடுவில் யார் பிடித்தாலும் படித்துவிடலாம். குறியாக்கம் சேர்த்த எஃப்டிபிஎஸ்ஸைக் குரோமும் ஃபயர்பாக்ஸும் ஒருபோதும் ஆதரித்ததில்லை. ஆக, அவை கழற்றிவிட்டது பாதுகாப்பில்லாத அந்தப் பழைய வடிவத்தைத்தான்.

அடுத்து எதற்கு மாறுவது என்று யோசிக்கும்போது, இறக்குபவர்களையும் ஏற்றுபவர்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைத் தயாரிக்கும் திட்டம் 2017 நவம்பர் 1 அன்று பொதுமக்களுக்கான எஃப்டிபி சேவையை மூடியபோதுகூட, டெவலப்பர்கள் தொகுப்புகளை ஏற்றும் வழியை மூடவில்லை. இரண்டும் வேறு வேறு தேவைகள்.

இறக்குவதற்கு எச்டிடிபிஎஸ். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளில் ஃபோல்டர் பட்டியல் காட்டும் அமைப்பை இயக்கினால் பழைய எஃப்டிபி பக்கம் மாதிரியே தெரியும். பாதியில் அறுந்த இறக்கத்தை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பயனர் புதிதாக எதையும் நிறுவ வேண்டியதும் இல்லை.

ஏற்றுவதில்தான் உண்மையான போட்டி. பழைய எஃப்டிபியையே ஃபைல்ஸில்லா மாதிரி ஒரு கிளையன்டில் (பயனர் பக்கத்து மென்பொருளில்) தொடரலாம் என்பது ஒரு வழி. மூடிய உள் வலையமைப்புக்கு வெளியே அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மிச்சம் எஃப்டிபிஎஸ், எஸ்எஃப்டிபி. பெயரைப் பார்த்து இரண்டையும் அண்ணன் தம்பி என்று நினைத்துவிட வேண்டாம். எஃப்டிபிஎஸ் என்பது அதே பழைய எஃப்டிபிதான், மேலே டிஎல்எஸ் குறியாக்கம் போர்த்தியது. எஸ்எஃப்டிபிக்கு எஃப்டிபியோடு எந்த உறவும் கிடையாது. தூரத்து கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச்-க்குள் ஓடும் தனி நெறிமுறை அது.

பாதுகாப்பு என்று பார்த்தால், ஒழுங்காக அமைத்தால் இரண்டுமே போதும். வேகத்தில் எஃப்டிபிஎஸ்ஸுக்குச் சில இடங்களில் கை ஓங்கும்: தூரத்து சர்வருக்கு ஒரே பெரிய கோப்பை அனுப்பும்போது எஸ்எஃப்டிபி கொஞ்சம் பின்தங்கலாம். ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகள் என்றால் நிலைமை தலைகீழ், ஏனென்றால் எஃப்டிபி ஒவ்வொரு கோப்புக்கும் புதிதாக ஓர் இணைப்பைத் திறக்கும். மாறுகிற சிரமத்திலும் எஃப்டிபிஎஸ்தான் சுலபம். அதே சர்வர் மென்பொருள், அதே பயனர் கணக்குகள், அதே ஃபோல்டர்கள். டிஎல்எஸ்ஸுக்கான சான்றிதழ் (சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் கோப்பு) எங்கே என்று காட்டிவிட்டு நாலைந்து வரி அமைப்பை மாற்றினால் வேலை முடிந்தது. முதல் நாளை மட்டும் வைத்துப் பார்த்தால் நானும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

ஆனால் பராமரிப்பு என்று ஒன்று இருக்கிறதே. அதிலும் ஃபயர்வால். என் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒன்றுதான்.

எஃப்டிபி ஒரே இணைப்பில் வேலை செய்வதில்லை. போர்ட் 21-இல் கட்டளைகள் போகும் (போர்ட் என்பது ஒரு கணினிக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல் மாதிரி). கோப்போ ஃபோல்டர் பட்டியலோ வருவதற்கு ஒவ்வொரு முறையும் தனியாக இன்னோர் இணைப்பு வேண்டும். இன்று வழக்கமான பாஸிவ் முறையில், அதாவது அந்த இணைப்பையும் கிளையன்டே தொடங்கும் முறையில், கிளையன்ட் கேட்டவுடன் சர்வர் 227 என்ற பதிலை அனுப்பும், கூடவே ஆறு எண்கள். உதாரணத்துக்கு 192,168,1,5,156,64 என்று வந்தால், முதல் நான்கும் ஐபி முகவரி, கடைசி இரண்டும் போர்ட். 156-ஐ 256-ஆல் பெருக்கி 64-ஐக் கூட்டினால் 40000. ‘இந்த முகவரியில் 40000-ஆம் போர்ட்டுக்கு வா’ என்று அர்த்தம்.

இதில் இரண்டு வில்லங்கம். 192.168 என்று தொடங்குவது உள் வலையமைப்பின் முகவரி. வெளியே இருப்பவரால் அங்கே வர முடியாது. 40000-ஆம் போர்ட்டோ ஃபயர்வாலில் மூடியிருக்கும். சாதா எஃப்டிபி ஓடிய காலத்தில் ஃபயர்வாலே இந்த உரையாடலை எட்டிப்பார்த்து, முகவரியைத் திருத்தி, அந்தப் போர்ட்டைத் தற்காலிகமாகத் திறந்துவிடும். எஃப்டிபிஎஸ்ஸில் உரையாடல் முழுக்கக் குறியாக்கத்துக்குள் போய்விடுவதால் எட்டிப்பார்க்க வழியில்லை. எதற்காக எஃப்டிபிஎஸ்ஸுக்குப் போனோமோ அதுவே இங்கே குறுக்கே நிற்கிறது.

விளைவு எப்படித் தெரியும் என்றால், லாக்-இன் ஆகும், வரவேற்புச் செய்தி வரும், ஃபோல்டர் பட்டியல் மட்டும் வராமல் தொங்கிக்கொண்டிருக்கும். பயனருக்கு ஒன்றும் புரியாது. ‘பாஸ்வேர்டு சரியாகத்தானே போட்டேன்?’ என்று மறுபடி மறுபடி முயல்வார். இதைச் சரிசெய்ய, சர்வரில் பாஸிவ் போர்ட்டுகளுக்கு ஒரு வரம்பைக் குறித்து, அந்த வரம்பு மொத்தத்தையும் ஃபயர்வாலில் நிரந்தரமாகத் திறந்து, சர்வரின் வெளி ஐபியையும் கையால் எழுதி வைக்க வேண்டும். அந்த ஐபி மாறினால் அதையும் மாற்ற வேண்டும். 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2428 முகவரித் தொல்லையைத் தீர்த்தது, 229 பதிலில் போர்ட் எண் மட்டுமே வரும். போர்ட் திறக்கும் தொல்லை அப்படியேதான் இருக்கிறது.

சரி, நம் பக்கம் எல்லாம் திறந்துவிட்டோம். கோப்பு அனுப்புபவரின் அலுவலக ஃபயர்வால்? வெளியே போகச் சில போர்ட்டுகளை மட்டும் அனுமதிக்கும் இடங்கள் ஏராளம். அவர்களுடைய நெட்வொர்க் ஆட்களிடம் ‘21-ஐத் திறங்கள், அப்புறம் 40000-லிருந்து 40100 வரைக்கும் திறங்கள்’ என்று விளக்கிக் கேட்டு வாங்குவது தனி வேலை. புதிதாக ஒருவர் சேரும்போதெல்லாம் இந்தப் படலம் முதலிலிருந்து தொடங்கும். கன்டெய்னருக்குள்ளோ (மென்பொருளைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி), லோட் பேலன்ஸருக்கு (வரும் இணைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்துவிடும் கருவி) பின்னாலோ சர்வரை வைத்தால் இன்னும் கஷ்டம். டெபியன் 2017-இல் சொன்ன காரணங்களிலும் இது உண்டு, ஃபயர்வால்களிலும் லோட் பேலன்ஸர்களிலும் எஃப்டிபிக்காகக் கோணல்மாணலாக ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது என்று.

இதோடு சான்றிதழும் சேர்ந்துகொள்கிறது. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட்டின் சான்றிதழுக்கு வழக்கமான ஆயுள் 90 நாள். புதுப்பிப்பது தானாக நடக்கும். ஆனால் எஃப்டிபி சர்வர் புதியதை எடுத்துக்கொள்ள அதை மறுபடி படிக்கச் சொல்லி சர்வரைத் தட்டிவிடவும் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோப்பு புதிதாக இருக்கும், சர்வர் பழையதையே நீட்டிக்கொண்டிருக்கும்.

எஸ்எஃப்டிபியில் ஒரே ஒரு டிசிபி இணைப்பு, போர்ட் 22. பட்டியல், ஏற்றம், இறக்கம், பெயர் மாற்றம் எல்லாம் அதற்குள்ளேயே. ஃபயர்வாலில் ஒரு வரி. எதிர்ப்பக்கம் கேட்க வேண்டியதும் அந்த ஒன்றைத்தான், பல இடங்களில் அது ஏற்கெனவே திறந்திருக்கும். சான்றிதழ் காலாவதி என்ற பேச்சும் இல்லை. லினக்ஸ் சர்வரில் எஸ்எஸ்எச் சேவையைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்எச் பெரும்பாலும் எப்படியும் இருக்கும். தனியாக இன்னொரு மென்பொருளை நிறுவி அதற்கும் அப்டேட் பார்க்க வேண்டியதில்லை.

எஸ்எஃப்டிபியிலும் வேலை இல்லாமல் இல்லை. பயனர்களுக்கு ஷெல், அதாவது சர்வரில் கட்டளைகளை ஓட்டும் வசதி, கிடைத்துவிடக் கூடாது. அதற்காக அவர்களை எஸ்எஃப்டிபிக்குள் மட்டும் கட்டிப்போட்டு, ஒரு ஃபோல்டருக்குள் சிறைவைக்க வேண்டும். அந்தச் சிறை ஃபோல்டரின் உரிமையாளர் ரூட்டாகவே (சர்வரின் தலைமை நிர்வாகிக் கணக்கு) இருக்க வேண்டும், வேறு யாருக்கும் எழுதும் அனுமதி கூடாது. ஏற்றுவதற்கு அதற்குள்ளே இன்னொரு ஃபோல்டரைப் பயனர் பெயரில் உருவாக்கித் தர வேண்டும். இதைக் கவனிக்காவிட்டால் சரியான சாவியோடு (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் கோப்பு) வருபவரையும் சர்வர் உள்ளே விட்ட கையோடு வெளியே தள்ளிவிடும். காரணம் சர்வர் லாகில் மட்டும்தான் இருக்கும். போர்ட் 22-ஐ முட்டிப்பார்க்கும் தானியங்கி நிரல்களுக்குக் குறைவே இல்லை என்பதால் பாஸ்வேர்டு லாக்-இன்னை நிறுத்திவிட்டு, சாவி மட்டும் என்று வைத்துக்கொள்வது உத்தமம். கணினி அதிகம் பழகாதவரிடம் சர்வரில் வைக்க வேண்டிய பொதுச் சாவியைக் கேட்டால் சிலர் தங்களிடமே ரகசியமாக இருக்க வேண்டிய அந்தரங்கச் சாவியையே மெயிலில் அனுப்பிவிடுவார்கள். எந்தக் கோப்பு வேண்டும் என்பதை அதன் பெயரோடு எழுதிக் கேளுங்கள். சர்வரை மாற்றும்போது பழைய ஹோஸ்ட் சாவிகளையும் (சர்வர் தன்னை அடையாளம் காட்டும் சாவிகள்) கூடவே கொண்டுபோய்விடுங்கள். இல்லாவிட்டால் எல்லோருக்கும் மிரட்டுகிற மாதிரி ஓர் எச்சரிக்கை வரும்.

இதெல்லாம் பெரும்பாலும் ஒருமுறை செய்து முடிக்கிற வேலை. எஃப்டிபிஎஸ்ஸின் வேலை திரும்பத் திரும்ப வரும்.

என் அனுபவம் லினக்ஸில், குறைந்த எண்ணிக்கையிலான பயனர்களை வைத்து நடத்தியது மட்டுமே. விண்டோஸின் சர்வர் மென்பொருளான ஐஐஎஸ்ஸில் எஃப்டிபிஎஸ் உள்ளேயே வருகிறது. அங்கே கணக்கு வேறாக இருக்கலாம். நூற்றுக்கணக்கான பயனர்களுக்கு லினக்ஸ் கணக்கு திறப்பதும் சரிப்படாது. புரோஎஃப்டிபிடி மாதிரி, மெய்நிகர் பயனர்களை (லினக்ஸ் கணக்கு இல்லாமல் சர்வர் மென்பொருளுக்குள் மட்டும் இருக்கும் பயனர்கள்) வைத்துக்கொண்டு எஸ்எஃப்டிபியும் பேசும் சர்வர்களைப் பார்க்கலாம்.

கடைசியாக, எஃப்டிபி மட்டுமே பேசத் தெரிந்த ஸ்கேனர், கண்காணிப்பு கேமரா போன்றவை. இவற்றுக்காகப் பொது சர்வரில் 21-ஐத் திறந்துவைக்க வேண்டாம். உள் வலையமைப்பில் ஒரு சிறிய கணினியில் எஃப்டிபியை உள் முகவரிக்கு மட்டும் ஓடவிட்டு, அங்கே வந்து சேரும் கோப்புகளை ஒரு ஸ்கிரிப்ட் எஸ்எஃப்டிபி வழியாக மேலே தள்ளும்படி வைத்தால் போதும்.