1881 கிடைக்கிறது, 1999 கிடைக்கவில்லை

வேலூரில் டிடிபி கடை, அதாவது கணினியில் அச்சுக்கோக்கும் கடை நடத்துகிறேன். கல்யாண அழைப்பிதழ், கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு விழா மலர், கட்சிக்காரர்களின் நோட்டீஸ், கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் என எது வந்தாலும் நடுவில் ஒரு ஊர்ப் பெயரையோ ஆண்டையோ சரிபார்க்க வேண்டி வரும். அதனால் எல்லோர் போனிலும் வாங்கும்போதே உட்கார்ந்திருக்கிற அந்தத் தேடுபொறியை பிரவுசிங் சென்டர் காலத்திலிருந்தே தொழில் கருவியாக வைத்திருக்கிறேன். பெயர் சொல்ல வேண்டியதில்லை. பஸ் டைம், சினிமா டைம், மாத்திரை விலை எல்லாம் அதில் எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். ஊர் வரலாறு தேடுகிற வேலையில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். பழக்கமான அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, ஜூலை பத்து வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி நாள் நிகழ்ச்சிக்குப் பசங்களுக்குக் குறிப்பு வேணும். நெட்லயே எடுத்துக்கலாமா?" எடுத்துக்கலாம் சார் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் ஒரு வார்த்தையில் முடிகிற பதில் இல்லை அது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வேலூரும் அடங்கியிருந்த பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்கு ஆர்தர் காக்ஸ் என்ற அதிகாரி தொகுத்த கையேடு 1881-ல் சென்னையில் அச்சானது. பிறகு 1890-களில் ஸ்டூவர்ட் அதைத் திருத்தி இரண்டு பாகமாக்கினார். ஒரு காலத்தில் அதைப் பார்க்க வேண்டுமென்றால் சென்னைக்கு ரயில் ஏறி, அனுமதி வாங்கி, பென்சிலில் குறிப்பெடுக்க வேண்டும். இப்போது கடையில் டீ குடித்துக்கொண்டே பார்க்கிறேன். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் மொத்தப் புத்தகமும் இருக்கிறது. ஆங்கில அச்சு என்பதால் இயந்திரம் எழுத்தை நன்றாகவே படித்திருக்கிறது. ஒரு ஏரியின் பெயரையோ ஒரு பாளையக்காரரின் பெயரையோ அந்தக் காலத்து ஆங்கில எழுத்துக்கூட்டலில் போட்டால் நேராக அந்தப் பக்கத்தில் கொண்டுபோய் விடும். அன்றைக்கு மாவட்டத்தின் தலைநகர் சித்தூர், திருப்பதி மலையும் நம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது என்பதையெல்லாம் கதையாகக் கேட்பது வேறு, கணக்கும் வரியுமாக அச்சில் பார்ப்பது வேறு. இந்த ஒரு காரியத்துக்காக அந்தத் தேடுபொறிக்குக் கும்பிடு போடலாம்.

அப்புறம்தான் எரிச்சல். 1990-களிலும் 2000-களிலும் இந்த மாவட்டத்தில் அச்சான கோயில் மலர்கள், பள்ளி நூற்றாண்டு மலர்கள், சங்கங்களின் வெள்ளி விழா மலர்கள் எத்தனையோ. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதின வரலாறு அதில்தான் இருக்கிறது. சிலவற்றின் பிடிஎஃப் இணையத்திலும் ஏறியிருக்கிறது. ஆனால் தேடினால் வராது. காரணம் எழுத்துரு. அப்போது நாங்கள் எல்லோரும் பேஜ்மேக்கர் என்ற பக்கம் அமைக்கும் மென்பொருளில் பாமினி மாதிரியான எழுத்துருக்களில்தான் அடித்தோம். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் போய் உட்காருவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். எழுத்துரு அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டும். கண்ணுக்கு அச்சு அசலாகத் தமிழ், கணினிக்கு அர்த்தமில்லாத ஆங்கிலக் குப்பை. நம்பிக்கை இல்லாவிட்டால் அப்படி ஒரு பிடிஎஃப்-ஐத் திறந்து, ஒரு பத்தியை காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்த இடத்திலெல்லாம் வரிசையாக அரைப்புள்ளி நிற்கும்.

எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கிற பொதுக் குறியாக்கமான யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம் பிடித்துவிட்டது. ஆனால் பேஜ்மேக்கருக்கு அது ஒத்துவரவில்லை, தொழிலே பேஜ்மேக்கரில் ஓடியது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியாக்கங்களைத் தரமாக்கியது. யூனிகோடுக்கு அரசாணை வந்தது 2010-ல்தான். நடுவில் போன அத்தனை ஆண்டுகளின் தமிழும் பல எழுத்துருக்களில் சிதறிக் கிடக்கிறது. அப்போதைய செய்தித்தாள் தளங்கள்கூட ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. தேடுபொறி அந்தப் பக்கங்களைத் தொட்டிருக்கலாம், ஆனால் தமிழ் என்று படித்திருக்காது. 1881-ல் வெள்ளைக்காரர் எழுதினது ஒரு நொடியில் கிடைக்கிறது, 1999-ல் வேலூர் தோட்டப்பாளையத்தில் உட்கார்ந்து நான் அடித்தது கிடைக்கவில்லை. கோபம் வராமல் என்ன செய்யும்?

இதில் தேடுபொறியின் குற்றம் எவ்வளவு என்று நியாயமாகக் கேட்டால், பாதிக்கு மேல் நம் பக்கம்தான். இந்த எழுத்துருக்களை மாற்றும் மென்பொருள் எப்போதோ வந்துவிட்டது, யாரும் உட்கார்ந்து மாற்றவில்லை. ஆனாலும் படங்களிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கிற நிறுவனத்துக்கு ஒரு பாமினி கோப்பை அடையாளம் காணவா தெரியாது? தெரியும். வியாபாரம் இல்லை, அவ்வளவுதான்.

இல்லாததற்குப் பதிலாக என்ன வருகிறது என்பதுதான் இன்னும் மோசம். சத்துவாச்சாரியில் வைக்கப்பட்டிருந்த ஜலகண்டேஸ்வரர் 1981-ல் வேலூர்க் கோட்டைக்குள் திரும்பி வந்ததைத் தேடிப் பாருங்கள். முதலில் கோயில் நடை திறக்கும் நேரம், பிறகு பக்கத்தில் லாட்ஜ், பிறகு ஒரே பத்தியை வார்த்தை மாற்றி மாற்றி எழுதின ஏழெட்டுப் பக்கங்கள். எத்தனை பக்கங்கள் தன்னைச் சுட்டுகின்றன, எது புதிது, எதை ஆட்கள் அழுத்துகிறார்கள் என்பதை வைத்து வரிசைப்படுத்தினால் இப்படித்தான் வரும். நேரில் பார்த்தவர் எழுதின ஒரே கட்டுரையை யார் சுட்டப்போகிறார்கள்? இதற்கு நடுவில் 'வேலூர் சந்தை வரலாறு' என்று போட்டால் நாமக்கல் பக்கத்துப் பரமத்தி வேலூர் வாழைத்தார் ஏலம் வந்து நிற்கும். அது அந்த ஊர்க்காரர்களுக்கு உபயோகமாக இருக்கட்டும்.

சரி, ஜூலை பத்துக்கு வருவோம். 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் கோட்டைக்குள் கம்பெனிச் சிப்பாய்கள் எழுந்தது, புதுத் தலைப்பாகையும் சமயக் குறி, தாடிக்கான தடையும் காரணமானது, ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து அடக்கியது, கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் பிள்ளைகளைப் பிறகு கல்கத்தாவுக்கு அனுப்பியது, சென்னை ஆளுநர் பெண்டிங்கைத் திரும்ப அழைத்தது எல்லாம் தேடினால் சரியாகவே வருகிறது. எத்தனை சிப்பாய்கள் செத்தார்கள் என்று கேட்டதும்தான் சிக்கல். மேலே ஒரு சுருக்கப் பெட்டி வந்து ஒரே ஒரு எண்ணைச் சொல்லும். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் வேறொரு எண், அதே தைரியத்தோடு. கீழே போனால் ஒரு பக்கத்தில் 350, இன்னொன்றில் 800-க்கு மேல். இந்த 800 வானத்திலிருந்து விழவில்லை. கில்லெஸ்பியோடு வந்த பொறியாளர் அதிகாரி பிளாக்கிஸ்டன், கோட்டையிலிருந்து 800-க்கு மேற்பட்ட பிணங்களைத் தூக்கிச் சென்றதாகத் தன் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்தார். யார் சொன்னது, எந்தப் பக்கம் நின்று சொன்னது என்பது தெரிந்தால் அந்த எண்ணுக்கே வேறு கனம் வந்துவிடும். பெட்டிக்குள் வரும்போது அதெல்லாம் கழன்றுவிடுகிறது. ஆசிரியரிடம் இதைத்தான் சொன்னேன்: "தேதி, பேரெல்லாம் எடுத்துக்கோங்க சார். சாவு எண்ணிக்கைக்கு ரெண்டையும் போட்டு, யார் சொன்னதுன்னும் எழுதுங்க. பசங்க புரிஞ்சிக்குவாங்க." பெட்டியில் ஒன்றுதானே போட்டிருக்கிறது என்றார். அந்தப் பெட்டிதான் சார் பிரச்சினையே என்றேன்.

காலம் என்ற ஒன்று அதற்கு ஓடுவதே இல்லை. நம் மாவட்டம் 1911-ல் சித்தூரை இழந்தது, 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆம்பூர் எந்த மாவட்டம் என்றால் எந்த வருஷத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டும். தேடுபொறி கேட்காது. வேலூர் மாவட்டம் என்று பழைய பக்கம், திருப்பத்தூர் என்று புதுப் பக்கம், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். தேதி வடிகட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள், அது பக்கம் ஏற்றப்பட்ட தேதியைப் பார்ப்பது. 1903 பாலாற்று வெள்ளத்தில் வாணியம்பாடி பட்ட பாட்டைப் போன மாதம் ஒருவர் எழுதியிருந்தால் அது போன மாதச் செய்தி.

முன்பு முடிவுகளுக்குப் பக்கத்தில் சேமித்த நகல் என்று ஒரு சுட்டி இருக்கும். செத்துப்போன தளங்களை அதில்தான் பார்ப்பேன். 2024-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது பழைய இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்துவைக்கிற வேபேக் மெஷின்தான் கதி. 2001-லிருந்து அது சேமித்ததைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்திருக்கிறது. மெதுவாக ஓடும், ஆனால் எந்தத் தேதியில் எடுத்த நகல் என்று மேலேயே போட்டிருக்கும். அந்த ஒரு வரிக்காகவே எனக்கு அதன்மேல் மரியாதை.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்றும் உண்டு. கண்டியின் கடைசி மன்னர் விக்கிரமராசசிங்கனை 1816-ல் இங்கே கொண்டுவந்து சிறை வைத்தார்கள், 1832-ல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரை முத்து மண்டபத்தைத் தாண்டிப் போகிற நம்மவர்களில் பலர் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் தமிழில் தேடினால் இலங்கைப் பக்கங்கள் அள்ளிக் கொடுக்கின்றன. ஈழத்தவர்கள் 2005-லிருந்து நூலகம் என்ற தளத்தில் தங்கள் நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக வருடி ஏற்றிவருகிறார்கள். வேலூரில் செத்துப்போன ராஜாவைப் பற்றி வேலூர்க்காரன் யாழ்ப்பாணத்து அச்சில் படிக்கிறேன்.

மதிப்பெண் கேட்பீர்கள். காக்ஸ் புத்தகத்துக்காக ஐந்துக்கு நான்கு கொடுக்க வேண்டும். இன்றைக்கு இரண்டுக்கு மேல் மனசு வரவில்லை. நாளைக் காலையில் கடையைத் திறந்ததும் முதலில் அதைத்தான் திறப்பேன், அது வேறு விஷயம்.

மலர்க் குழுவில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று: அச்சுக்குக் கொடுக்கும்போது யூனிகோடில் ஒரு பிரதியும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் அதற்குத் தனிப் பணம் கேட்டால் தாராளமாகப் பேரம் பேசுங்கள், எழுத்துரு மாற்றி எங்களுக்கு இலவசமாகத்தான் கிடைக்கிறது.