இம்ப்ளாண்ட் காதுக்கு சத்தத்துல எது கை கொடுக்குது: முன்பக்க மைக்கா, ரிமோட் மைக்கா, அடுத்த காது ஹியரிங் எய்டா?

என் பொண்ணுக்கு வலது காதுல காக்ளியர் இம்ப்ளாண்ட் (உள்காதுல எலக்ட்ரோடு வச்சு கேள்வி நரம்பை கரண்ட்டால தூண்டுற கருவி), இடது காதுல ஹியரிங் எய்டு. வீடு அமைதியா இருந்தா நல்லாவே புரிஞ்சுக்குவா. ஆனா குழாயைத் திறந்து பக்கெட்ல தண்ணி விழுந்துட்டு இருக்கும்போது "அப்பா வந்தாச்சு"ன்னா சொல்றேன், "அப்பா வந்தாச்சு?"ன்னா கேக்குறேன்னு அவளுக்கு பிடிபடாது. வார்த்தை ஒண்ணுதான், கடைசியில குரல் ஏறுறதுதான் கேள்வி.

ஏன்னா காதுல சத்தத்தை நரம்புக்கு எடுத்துச் சொல்ற உள்முடி செல் மட்டும் சுமார் 3,500 இருக்கு, இம்ப்ளாண்ட்ல கம்பெனியைப் பொறுத்து 12, 16, 22 எலக்ட்ரோடுதான், அதுலயும் கரண்ட் பரவி பக்கத்து நரம்பையும் சேர்த்து தட்டிடும், அதனால சத்தம் கூடுறது குறையுறது தெரியும், சுருதி மாறுறது மங்கலாத்தான் தெரியும். இன்னொண்ணு, நாலு பேர் ஒரே நேரத்துல பேசினாலும் நடுவுல வர்ற சின்னச் சின்ன இடைவெளியில நாம பேச்சைப் பொறுக்கிக்குவோம், இம்ப்ளாண்ட் வச்சவங்களுக்கு அந்த இடைவெளியால பெருசா பிரயோஜனம் இல்ல. கல்யாண மண்டபத்துல இவங்க திணறுறது அதனாலதான்.

முன்பக்க மைக் புரோகிராம், அதாவது முன்னாடி வர்ற சத்தத்துக்கு முன்னுரிமை கொடுக்குறது, காதுக்கு வெளிய மாட்டுற பிராசஸர்லயே இருக்கு, தனி செலவு கிடையாது. ஹோட்டல்ல சுவருக்கு முதுகு காட்டி உக்கார வைக்காம, இரைச்சல் முதுகுப் பக்கம் வர்ற மாதிரி உக்கார வச்சா உதவும். பக்கவாட்டுல இருந்து கூப்பிட்டா போச்சு.

ரிமோட் மைக், அதாவது பேசுறவங்க மாட்டிக்கிட்டா குரலை வயர் இல்லாம பிராசஸருக்கு அனுப்புற மைக், வகுப்புக்கு இதைவிட எவ்வளவோ மேல். டீச்சர் கழுத்துல, வாய்க்கு ஒரு சாண் தூரத்துல மைக் தொங்குறப்ப இரைச்சல் ஏறுறதுக்கு முன்னாடியே குரல் உள்ள போயிடுது. ஆனா பின் பெஞ்ச் பொண்ணு பதில் சொன்னா கேக்காது, மைக்கை கை மாத்தி கொடுக்கச் சொல்லி டீச்சர்கிட்ட கேளுங்க, கூச்சப்படாதீங்க.

இந்த ரெண்டும் இரைச்சலைத்தான் குறைக்குது, சுருதியைத் திருப்பித் தராது. அதைத் தர்றது அடுத்த காதுல மிச்சமிருக்கிற கேள்வித்திறன். 500 ஹெர்ட்ஸுக்குக் கீழ கொஞ்சம் கேட்டாக்கூட குரலோட ஏத்த இறக்கம் அந்த வழியா வந்துடும். ஆபரேஷன் முடிஞ்சதும் ஒரு இடத்துல "எய்டு இனி எதுக்கு, கழட்டிடுங்க"ன்னாங்க, எனக்கு இப்பவும் அது ஆறல. அந்தக் காதுல சுத்தமா கேக்கலன்னா ரெண்டாவது இம்ப்ளாண்ட் பத்தி பேசுறது வேற விஷயம், மிச்சம் இருக்கும்போது கழட்டாதீங்க, ஆடியோகிராம் (எந்த சுருதியில எவ்வளவு கேக்குதுன்னு காட்டுற டெஸ்ட்) எடுத்துப் பாருங்க.

போன வாரம் அதே குழாய், அதே பக்கெட், எய்டை ஆஃப் பண்ணிட்டு கேட்டேன், தலையை மட்டும் ஆட்டுனா. ஆன் பண்ணிட்டு கேட்டேன். திரும்பிப் பார்த்து "இன்னும் வரலம்மா"ன்னா.