முதல் ஃபிட்னஸ் பேண்ட்: நான்கில் எது உங்கள் கைக்கு?

நடை, இதயத்துடிப்பு, தூக்கம் ஆகியவற்றைக் கணக்கெடுக்கக் கையில் கட்டும் ஃபிட்னஸ் பேண்டில் எதை வாங்கலாம் என்று யார் கேட்டாலும், நான் முதலில் திருப்பிக் கேட்பது, "உங்களிடம் என்ன ஃபோன் இருக்கிறது?" என்பதைத்தான். விலை குறைந்த பேண்டுகளுக்குள் இருக்கும் சமாச்சாரம் ஏறக்குறைய ஒன்றேதான்: கையின் அசைவை உணர ஒரு சென்சார், தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சி ரத்த ஓட்டத்தைக் கவனிக்க இன்னொரு சென்சார், ஒரு சிறிய பேட்டரி. இவை சேர்க்கும் எண்களை உங்களுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்வது ஃபோனில் இருக்கும் ஆப். அந்த ஆப் உங்கள் ஃபோனோடு ஒத்துப்போகவில்லை என்றால், எவ்வளவு நல்ல பேண்டும் மூன்றாவது வாரம் மேசை இழுப்பறைக்குள் போய்விடும்.

என் அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று தேடியபோது கடைசியில் நான்கு பேண்டுகள் மிஞ்சின. ஷாவ்மி ஸ்மார்ட் பேண்ட் 9, ஃபிட்பிட் இன்ஸ்பயர் 3, சாம்சங் கேலக்ஸி ஃபிட் 3, ஹுவாவே பேண்ட் 9. நான்குமே ஆமோலெட் எனும் பளிச்சென்ற வண்ணத்திரை கொண்டவை, நீச்சலுக்குப் போட்டுக்கொண்டு போகலாம், உள்ளே சொந்த ஜிபிஎஸ் கிடையாது. ஓடும்போது வழியைப் பதிவு செய்ய வேண்டுமானால் ஃபோனும் கூடவே வர வேண்டும். ஃபோனை வீட்டிலேயே விட்டுவிட்டு ஓடத்தான் பிடிக்கும் என்பவர்கள் இந்த வரிசையை விட்டு ஒரு படி மேலே, ஜிபிஎஸ் உள்ள பேண்டைப் பார்ப்பதே சரி. ஜிபிஎஸ் இல்லாமல் கையசைவை வைத்துப் போடும் தூரக் கணக்கு, எடுத்து வைக்கும் அடி சிறிதாகும்போதும் பெரிதாகும்போதும் தடுமாறும்.

முதலில் ஷாவ்மி. 2014-இல் வந்த இதன் முதல் பேண்டில் திரையே இல்லை, மூன்று சிறு விளக்குகள் மட்டும்தான். 2024-இல் வந்த பேண்ட் 9-இல் 1.62 அங்குலத் திரை, 1200 நிட்ஸ் வெளிச்சம். உச்சி வெயிலிலும் கையை மறைத்துப் பிடிக்காமல் மணி பார்க்கலாம். ஒரு சார்ஜுக்கு 21 நாள் என்கிறது நிறுவனம். திரை எப்போதும் எரியும்படி வைத்தால் அதுவே 9 நாளாகக் குறையும் என்பதையும் அதே நிறுவனம் சொல்கிறது. பலர் இந்த இரண்டாவது எண்ணைப் படிப்பதில்லை, அப்புறம் பேட்டரி மோசம் என்று வருத்தப்படுகிறார்கள். இதயத்துடிப்பைத் தொடர்ந்து அளப்பது, இரவு முழுக்க ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்ப்பது, ஒவ்வொரு செய்திக்கும் அதிர்வது என எல்லாவற்றையும் போட்டுவிட்டால் எந்த பேண்டாக இருந்தாலும் அட்டையில் அச்சிட்ட நாள் கணக்கு வராது. இதன் ஆப் ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலும் ஓடும். அதில் எண்கள் நிறைய, விளக்கம் கொஞ்சம். தூக்கம் குறைந்தது என்று காட்டும். அதை வைத்து என்ன செய்வது என்பதை நாமேதான் யோசிக்க வேண்டும்.

ஃபிட்பிட் அதற்கு நேர் எதிர். 2022-இல் வந்த இன்ஸ்பயர் 3 ஒல்லியான பேண்ட், திரை சிறியது, நிறுவனம் சொல்லும் பேட்டரி 10 நாள். காகிதத்தில் பார்த்தால் ஷாவ்மியிடம் தோற்றுப்போகும், விலையும் கூடுதல். ஆனால் இரவுத் தூக்கத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டு, ஆழ்ந்த தூக்கம் எவ்வளவு, விழித்திருந்த நேரம் எவ்வளவு என்று பிரித்து, புதிதாக வருகிறவருக்கும் பிடிபடும்படி சொல்வதில் இந்த ஆப்பின் தெளிவு எனக்கு வேறெதிலும் கிடைக்கவில்லை. நடக்கவே பழகாத ஒருவரை நடக்க வைப்பது இந்தத் தெளிவுதான் என்று நம்புகிறேன். இரண்டு விஷயங்களை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஃபிட்பிட்டை 2021-இல் கூகுள் வாங்கி முடித்துவிட்டது, ஆகவே கூகுள் கணக்கு வேண்டும். சில கூடுதல் வசதிகள் மாதச் சந்தா கட்டினால்தான் திறக்கும். சந்தா இல்லாமலே போதுமான அளவு கிடைக்கிறது. சந்தாவையும் கட்டுவதாக இருந்தால் இரண்டு வருடத்துக்கான தொகையைப் பேண்டின் விலையோடு கூட்டிப் பாருங்கள். அப்போது இது விலை குறைந்த பேண்டாக இருக்காது.

சாம்சங்கின் ஃபிட் 3-க்கு ஐஃபோன் ஆகாது. ஆண்ட்ராய்டு மட்டும்தான். ஐஃபோன் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். மற்றவர்களுக்கு, அதுவும் வயதான பெற்றோருக்கு வாங்குகிறவர்களுக்கு, நான் முதலில் காட்டுவது இதைத்தான். இதன் 1.6 அங்குலத் திரை மற்றவை போல நீளவாக்கில் ஒடுங்காமல் கொஞ்சம் அகன்று இருக்கிறது. கண்ணாடி போடாமல் மணியையும் நடையின் எண்ணிக்கையையும் அப்பாவால் படிக்க முடிந்தது. சட்டம் அலுமினியம். பக்கவாட்டில் நிஜமான பொத்தான் ஒன்று இருக்கிறது. தொடுதிரையில் விரலை இழுத்துப் பழகாதவர்களுக்கு அந்த ஒரு பொத்தான் எவ்வளவு உதவி என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். கீழே விழுந்தால் கண்டுபிடிக்கும் வசதி உண்டு. அந்தப் பொத்தானை ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்பு போகும். இந்த விலையில் இது அரிது. ஆனால் அழைப்பு ஃபோன் வழியாகத்தான் போகும். பெரியவர் ஃபோனைக் கூடத்தில் வைத்துவிட்டுத் தூரத்துத் தோட்டத்தில் விழுந்தால் பேண்ட் மட்டும் தனியாக யாரையும் கூப்பிட முடியாது. வாங்கித் தருகிற அன்றே இதை அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். பேட்டரி 13 நாள் வரை என்பது நிறுவனத்தின் கணக்கு.

ஹுவாவே பேண்ட் 9 நான்கிலும் சன்னமானது. தடிமன் 9 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, வாரை நீக்கிவிட்டால் 14 கிராம். கையில் எதையாவது கட்டிக்கொண்டு தூங்கவே முடியாது என்பவர்களுக்கு இது பொருந்தலாம். ஐஃபோனில் ஆப்பை வழக்கம்போல இறக்கிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டில்தான் சிக்கல். பிளே ஸ்டோரை நம்பாமல் ஹுவாவேயின் தளத்துக்கோ அதன் சொந்த ஆப் கடைக்கோ போய் இறக்க வேண்டும். கணினிப் பழக்கம் உள்ளவருக்கு ஐந்து நிமிட வேலை. மற்றவருக்கு ஒவ்வொரு புதிய ஃபோனிலும் யாரையாவது கூப்பிட வேண்டிய வேலை.

துல்லியம்? நான்கையும் பிரிக்கிற அளவுக்கு அதில் வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று தெரிந்துகொள்வது அதைவிட முக்கியம். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அப்போது விற்பனையில் இருந்த ஏழு கருவிகளை 60 பேர் கையில் கட்டிச் சோதித்தார்கள். ஏழில் ஆறு, இதயத்துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் அளந்தன. எரித்த கலோரியிலோ ஒன்றுகூடத் தேறவில்லை. இருப்பதிலேயே நல்ல கருவி சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். அந்த ஏழில் இந்த நான்கு பேண்டுகளில் எதுவும் இல்லை, அதற்குப் பிறகு சென்சார்களும் மாறிவிட்டன. இருந்தாலும் பேண்ட் காட்டும் கலோரியை நம்பி உணவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அடிகளையும் ஓய்வுநேர இதயத்துடிப்பையும் வாரக் கணக்கில் ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் தெரியும் ஏற்ற இறக்கம்தான் உதவும்.

ஆப்கள் எல்லாம் தூக்கிப் பிடிக்கும் 10,000 அடி இலக்கையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவிய எண், மருத்துவர்கள் அளந்து சொன்னது அல்ல. முதல் வாரம் இலக்கு எதுவும் வைக்காமல் வழக்கம்போல நடந்து, உங்கள் சராசரி என்ன என்று பாருங்கள். அதற்கு மேல் ஆயிரம் அடி வைத்துக்கொண்டு ஆரம்பிக்கலாம். அடி எண்ணுவது மட்டும்தான் தேவை என்றால் சட்டைப் பையில் இருக்கும் ஃபோனே அதைச் செய்யும், பேண்டுக்குச் செலவு செய்யவே வேண்டாம்.

பேண்ட் இதயத்துடிப்பைச் சரியாக எடுக்க வேண்டுமானால் வார் தளர்ந்து தொங்கக்கூடாது. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அகலம் மேலே, தோலோடு ஒட்டி, ஆனால் இறுக்காமல் கட்ட வேண்டும். பச்சை குத்திய இடத்தில் கட்டினால் மை ஒளியை மறைத்து எண் தவறலாம். வாங்கும் முன் கேட்க வேண்டிய இன்னொன்று, தமிழில் வரும் செய்தி திரையில் தெரியுமா என்பது. சில பேண்டுகளில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாக வரும்.

அப்புறம் பெயரே கேள்விப்படாத பேண்டுகள். ஊசி குத்தாமல் சர்க்கரை அளக்கும் என்று விற்கப்படுகிறவற்றைத் தொடவே தொடாதீர்கள். அப்படித் தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி ஒருவர் இன்சுலின் அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து.

கடைசியில் அப்பாவுக்குச் சாம்சங் வாங்கினேன், அவரிடம் ஆண்ட்ராய்டு ஃபோன். எனக்கு ஷாவ்மி, அடிக்கடி சார்ஜ் போடுவது எனக்கு ஒத்துவராது. தூக்கம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த தங்கைக்கு, விலை கூடினாலும், ஃபிட்பிட்டைத்தான் சொன்னேன்.