காற்றா, சோப்பா? நீச்சல் குளத்து நுரைக்கு எந்த வைத்தியம் எடுபடும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ரிசர்வாயர் ஹில்ஸ் சரிவில் எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே மதில்தான். சென்ற தீபாவளி முடிந்த வாரத்தில் இரண்டு வீட்டு நீச்சல் குளங்களிலும் வெள்ளையாக ஏதோ மிதந்தது. மாடியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. அடுத்த வீட்டு அண்ணன் நுரைநீக்கி மருந்து ஒரு புட்டி வாங்கிவந்தார். கொஞ்சம் தம் குளத்தில் விட்டார், கொஞ்சம் எங்கள் குளத்துக்கும் தந்தார். அவர் குளம் பத்து நிமிடத்தில் தெளிந்தது. எங்கள் குளத்தில் எந்த மாற்றமும் இல்லை. அடுத்த வாரமே அவர் குளத்திலும் நுரை திரும்பிவிட்டது. அந்த இரண்டு குளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து ஊற்றிப் பணத்தை வீணாக்குபவர்களை இந்த ஊரில் நிறையப் பார்த்துவிட்டேன்.

எங்கள் குளத்தில் மிதந்தது நுரையே அன்று, காற்றுக் குமிழி. வடிகட்டியிலிருந்து தண்ணீர் திரும்பிவரும் வாயை இங்கே எல்லோரும் எய்ம்ஃப்ளோ என்பார்கள். அதன் வழியாகப் பொங்கி வந்த குமிழிகள் மேலே வந்ததும் உடைந்தன. பம்பை நிறுத்திய ஒரு நிமிடத்தில் நீர்ப்பரப்பு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் வீட்டில் அப்படி இல்லை. பம்பு நின்ற பிறகும், மேல்நீரை பம்புக்கு இழுக்கும் பக்கவாயான வியர் வாய் ஓரமாக நுரை ஒதுங்கி, உலை பொங்கி அடங்கிய பானையின் விளிம்பில் கஞ்சி நிற்பதுபோல் நின்றது. கையால் அள்ளினால் விரல் இடுக்கில் தங்கியது.

கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாவிட்டால் புட்டிச் சோதனை செய்யுங்கள். ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதியளவு குளத்து நீர், இன்னொன்றில் அதே அளவு குழாய் நீர். இரண்டையும் பத்து முறை குலுக்கி மேசையில் வையுங்கள். குழாய் நீரின் குமிழிகள் இரண்டு மூன்று நொடியில் அடங்கிவிடும். குளத்து நீரும் அப்படியே அடங்கினால் தண்ணீரில் குற்றமில்லை, பம்பு காற்று இழுக்கிறது என்று பொருள். நுரை மேலே கட்டி நின்றால் தண்ணீரில் சோப்புத் தன்மையுள்ள ஏதோ கலந்திருக்கிறது. எங்கள் புட்டி உடனே தெளிந்தது. அண்ணனுடைய புட்டியில் அரை நிமிடம் கழித்தும் விரற்கடை உயரத்துக்கு நுரை நின்றது.

இரண்டு கோளாறும் ஒரே குளத்தில் சேர்ந்திருப்பதும் உண்டு. நுரை எழச் சோப்புத் தன்மையும் வேண்டும், காற்றும் வேண்டும். அதனால் இரண்டும் இருக்கும் வீட்டில் முதலில் காற்றுக் கசிவை அடைத்துவிடுங்கள். நுரையின் உண்மையான அளவு அதன் பிறகுதான் தெரியும்.

காற்று நுழையும் இடத்தைத் தேட நான்கு வழிகள்

ஊரில் கிணற்று மோட்டார் ஓட்டியவர்களுக்கு இந்தக் கோளாறு புதிதல்ல. பம்புக்கு முன்னால் உள்ள உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் மோட்டார் ஓடும்போது தண்ணீர் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். பம்புக்குப் பின்னால் ஓட்டை என்றால் தண்ணீர் வெளியே பீய்ச்சும். ஆகவே ஈரம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பயனில்லை.

காசு செலவில்லாத விஷயங்களை முதலில் பாருங்கள். நீர்மட்டம் வியர் வாயின் பாதி உயரத்தில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் சுழல் விழுந்து காற்று இறங்கும். வியரின் மடல் சிக்கிக்கொண்டாலும் இதே கதைதான். பிறகு, தரையைச் சுத்தம் செய்யும் கருவியின் குழாயைக் கழற்றிப் பாருங்கள். அந்த வகைக் கருவிகளில் பேர்போன க்ரீப்பி க்ராலி 1974இல் இந்த நாட்டின் ஸ்பிரிங்ஸ் நகரில் பிறந்தது; இன்றும் தெருவுக்கு நான்கு வீட்டிலாவது ஏதோ ஒரு கருவி குளத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். அதன் குழாய் நீருக்குள் கிழிந்திருந்தால் தண்ணீரைத்தான் உறிஞ்சும். மேலே மிதக்கும் துண்டில் வெயில் பட்டு மடிப்பில் வெடித்திருந்தால் காற்றை உறிஞ்சும். கழற்றியதும் குமிழி நின்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது.

அதற்கும் நிற்கவில்லை என்றால் பம்புக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியதுதான். முதல் வழி, தண்ணீர் ஊற்றுவது. பம்பு ஓடும்போது ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து, பம்பு மூடியின் விளிம்பு, அதற்குள் குப்பை தங்கும் கூடையின் அடியில் உள்ள வடிகால் திருகு, பம்புக்குள் நுழையும் குழாயின் இணைப்பு என்று ஒவ்வொன்றாக, மோட்டார் மேல் ஒரு துளியும் படாமல் மெல்ல ஊற்றுங்கள். ஓட்டை உள்ள இடத்தில் தண்ணீர் படும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் உள்ளே போகும்; கண்ணாடி மூடிக்குக் கீழே ஓடும் குமிழிகள் சில நொடிகள் நின்று, பம்பின் சத்தமும் கனக்கும். எங்கள் வீட்டில் மூன்றாவது இடத்தில், குழாய் இணைப்பில், அது நடந்தது.

இரண்டாவது வழி ஊதுவத்தி. இதை இந்த ஊர்க்காரர்களும் செய்கிறார்கள், நம் வீட்டில் கேட்கவே வேண்டாம், பூஜை அறையில் தயாராக இருக்கிறது. புகை நேராக எழும்பும் நேரத்தில் இணைப்புக்கு அருகே பிடித்தால், ஓட்டை இருக்கும் பக்கம் புகை வளைந்து உள்ளே போவதைக் கண்ணால் பார்க்கலாம். டர்பனில் பிற்பகல் ஆனால் கடலிலிருந்து வடகிழக்குக் காற்று எழுந்துவிடும். அதிகாலையில் செய்தால்தான் உருப்படும். தண்ணீர் ஊற்றினால் எந்தப் பகுதி என்று தெரியும். ஊதுவத்தி எந்தப் புள்ளி என்றே காட்டும்.

மூன்றாவது, ஷேவிங் நுரையை இணைப்பில் பூசுவது. ஓட்டையின் மேல் நுரை குழிந்து உள்ளே இழுபடும். பார்ப்பதற்கு இதைவிடத் தெளிவான வழி இல்லை. ஆனால் உள்ளே போவதும் சோப்புதான். நுரையை ஒழிக்கப் புறப்பட்ட இடத்தில் நுரையை ஊட்டுவது எனக்கு ஒப்பவில்லை. ஊதுவத்தி பலிக்காத காற்றோட்டமான மூலையில் விரல்நுனி அளவு மட்டும் பூசுவேன்.

நான்காவது, ஆள் வைத்துக் குழாயை அடைத்து அழுத்தச் சோதனை செய்வது. இது மண்ணுக்கு அடியில் உள்ள குழாய்க்கு உரிய வழி, செலவும் அதிகம். மேலே சொன்ன மூன்றிலும் ஒன்றும் கிடைக்காமல், பம்பை நிறுத்தி வைத்த இரவில் நீர்மட்டமும் வழக்கத்தைவிடக் குறைந்தால் கூப்பிடுங்கள். எங்களிடம் வந்த ஒரு பராமரிப்பு நிறுவனத்து ஆள் முதல் நாளே தரையைத் தோண்ட வேண்டும் என்றார். பம்பின் மூடியைக்கூட அவர் திறந்து பார்க்கவில்லை. பூட்ட வேண்டிய இடம் வாசலில் இருக்க, கொல்லைப்புறம் தோண்டுவது எந்த நியாயம்?

ஒரு எச்சரிக்கை. காற்று இழுக்கும் பம்பு மணல் வடிகட்டியின் உச்சியில் காற்றை அழுத்திச் சேர்த்து வைக்கும். பம்பை நிறுத்தி, வடிகட்டியின் காற்றுத் திருகைத் திறந்து அழுத்தம் இறங்கிய பிறகே மூடியைத் தொடுங்கள். மறுபடி ஓட விடும்போது மூடிக்கு மேலே முகத்தை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தால் ஒரு நன்மையும் உண்டு: பம்பு நின்ற நொடியில் அது தண்ணீரைப் பின்னால் தள்ளும், அப்போது ஓட்டையிலிருந்து ஒரு சொட்டு வெளியே தெறிக்கும். டார்ச் விளக்குடன் ஒருவர் காத்திருந்தால் அகப்படும்.

எதை வைத்து அடைப்பது

பம்பு மூடியின் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் காய்ந்திருந்தால் வாசலின் பூசுவதா, சிலிக்கோன் கிரீஸ் பூசுவதா என்பது வீட்டுக்கு வீடு நடக்கும் வாதம். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. ஓ-ரிங்குகளில் ஒரு வகை ரப்பர் பெட்ரோலியப் பொருளைத் தாங்கும். மற்றொரு வகை அது பட்டால் ஊதிப் போகும். உங்கள் வளையம் எந்த வகை என்று மூடியில் எழுதியிருக்காது. சிலிக்கோன் கிரீஸ் இரண்டுக்கும் தீங்கு செய்யாது. ஒரு சிறிய டப்பா பல வருடம் வரும். விரலால் தடவும்போது வளையத்தில் வெடிப்போ தட்டையான இடமோ தென்பட்டால் கிரீஸ் பூசிப் பயனில்லை, வளையத்தையே மாற்றுங்கள்.

பம்பின் வாயில் திருகும் பிவிசி இணைப்புதான் எங்கள் வீட்டுக் கோளாறு. அது ஏன் கெட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2022, 2023 ஆண்டுகளில் இங்கே ஒரு நாளில் பல மணி நேரம் மின்வெட்டு. மின்சாரம் போனதும் பம்புக்குள் நின்ற நீர் சிறு கசிவு வழியே குளத்துக்கு இறங்கிவிடும். மின்சாரம் திரும்பியதும் பம்பு வறண்டு ஓடும். உள்ளே மிச்சமிருக்கும் நீர் கொதித்து, பிவிசி மரை இளகிச் சுருங்கும். சுருங்கிய மரையில் காற்று இன்னும் அதிகமாக நுழையும். அந்த இரண்டு ஆண்டுகளின் விளைவை இன்றும் பல குளங்களில் பார்க்கிறேன்.

இதற்கு ஊரில் சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் வெட்டி இறுக்கிச் சுற்றுவார்கள், களிமண் அப்புவார்கள். உறிஞ்சும் பக்கம் என்பதால் ட்யூப் உள்நோக்கி இழுபட்டு நன்றாகவே பிடிக்கும். ஒரு வார இறுதியைத் தள்ள நானும் சுற்றினேன். வெளியே சிலிக்கோன் பசை பூசுவதைவிட இது மேல், ஏனெனில் அந்தப் பசை பிவிசியில் ஒழுங்காக ஒட்டாமல் தோலாக உரிந்துவிடும். மரை நல்ல நிலையில் இருந்தால் கழற்றித் துடைத்து, டெஃப்லான் டேப்பை மரை முடுக்கும் திசையில் நான்கைந்து சுற்று சுற்றினால் போதும். சுருங்கிய மரையை எந்த டேப்பும் காப்பாற்றாது. 50 மில்லிமீட்டர் குழாயை அறுத்துப் புது இணைப்பை ஒட்டினேன். பசை டப்பாவில் சொன்ன நேரம் முழுவதும் காத்திருந்த பிறகே பம்பை ஓட விட்டேன்.

நுரைக்கு மூன்று வைத்தியம்

அண்ணன் வீட்டுக் கதை வேறு. தீபாவளியன்று பிள்ளைகள் எல்லோரும் எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு, அரைகுறையாக அலசிய தலையுடன் குளத்தில் குதித்தார்கள். சீயக்காயில் நுரைக்கும் பொருள் இயல்பாகவே இருக்கிறது. அதற்கு மேல் வெயில் கிரீம், துணி சோப்பின் மிச்சம் ஒட்டிய நீச்சல் உடை. போதாக்குறைக்கு அவர் விலை மலிவாக வாங்கி ஊற்றிய பாசிக்கொல்லியின் லேபிளில் பென்சல்கோனியம் குளோரைடு என்று இருந்தது. அதுவும் நுரைக்கும் இரசாயனம்தான். பாலிக்வாட் வகைப் பாசிக்கொல்லி விலை கூடுதல், ஆனால் நுரைக்காது. குறைந்த அளவே ஊற்றுகிறவர்களுக்கு விலை வித்தியாசம் பெரிதில்லை, அதையே வாங்குங்கள்.

நுரைநீக்கி நுரையை உடைக்கும். சோப்பை நீரிலிருந்து எடுக்காது. அதன் வீரியம் தீர்ந்ததும் நுரை திரும்பும். அளவுக்கு மேல் ஊற்றினால் மேலே எண்ணெய்ப் படலம்போல் தங்கும்.

குளோரின் அதிர்ச்சி வைத்தியம் உடம்பு எண்ணெய், வியர்வை, கிரீம் ஆகியவற்றை எரித்துவிடும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் குளம் ஏறக்குறைய 50,000 லிட்டர். லிட்டருக்கு 10 மில்லிகிராம் வரை ஏற்ற, 68 சதவிகிதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் முக்கால் கிலோ வேண்டும். சூரியன் இறங்கிய பிறகு, வாளியில் முதலில் தண்ணீர், அதில் மருந்து என்ற வரிசையில் கரைத்து, சுற்றிலும் பரவலாக ஊற்றுங்கள். மணியாகத் தூவினால் குளத்தின் உட்புற மார்பிலைட் பூச்சில் வெளுத்த திட்டு விழும். அமிலத்துடனோ வேறு வகைக் குளோரினுடனோ ஒருபோதும் கலக்காதீர்கள். பாசிக்கொல்லியால் வந்த நுரை இதற்கு எளிதில் அசையாது.

அதற்கு ஒரே வழி தண்ணீரை மாற்றுவது. மூன்றிலும் செலவு இதற்குத்தான் அதிகம். கால் பங்கு என்றாலே 12 கிலோலிட்டருக்கு மேல் ஆகிறது, 2018 வறட்சியில் கேப் டவுனில் குழாய் நீரைக் குளத்தில் விடவே தடை இருந்தது. ஆகவே மழைக்காலத்துக்காகக் காத்திருப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. டர்பனில் கோடைதான் மழைக்காலம். வரும் மழைக்கு இடம்விட்டு வடிகட்டியின் வேஸ்ட் நிலையில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றினால் வானமே நிரப்பித் தரும். முழுக்குளத்தையும் ஒருநாளும் காலி செய்யாதீர்கள். மழையில் ஊறிய மண்ணின் நிலத்தடி நீர் வெற்றுக் குளத்தைக் கீழிருந்து தூக்கிவிடும். காய்ந்த மார்பிலைட்டும் வெடிக்கும்.

அண்ணன் முதலில் குளோரின் போட்டார், நுரை பாதியானது. இரண்டு கனமழைகளுக்கு இடையில் கால் பங்கு நீரை இறக்கினார், மீதியும் போயிற்று. புட்டியில் மிச்சமிருந்த நுரைநீக்கியை டிசம்பர் விடுமுறையில் உறவினர் கூடிய ஒரு நாளைக்கு மட்டும் ஒரு மூடி ஊற்றினார். அன்று அது அழகாக வேலை செய்தது. குளத்துக்குப் பக்கத்தில் இப்போது ஒரு கைக்குழாயும் வைத்திருக்கிறார்; தலையை நன்றாக அலசாத பிள்ளையை அவர் மனைவி தண்ணீரில் இறங்க விடுவதில்லை.